தும்பிக்கையும் ஐந்து மோட்டார்களும்

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எங்கள் விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டையில் உள்ள ஸ்ரீ அஷ்டலிங்க ஆதிசேஷ செல்வ விநாயகர், ஸ்ரீ அஷ்டபுஜ ஆதிசேஷ வாராகி அம்மன் கோயில்களுக்கு ஒரு யானை வந்து சேர்ந்தது. பெயர் கஜா. வழங்கியவர்கள் நடிகை த்ரிஷாவும் சென்னையைச் சேர்ந்த விலங்கு நல அமைப்பு ஒன்றும். ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம், 800 கிலோ எடை. இரும்புச் சட்டகம், ரப்பர், நுரைப்பஞ்சு, ஐந்து மின் மோட்டார்கள் ஆகியவற்றால் ஆன அந்த யானை காதை அசைக்கிறது, கண்ணை உருட்டுகிறது, வாலை ஆட்டுகிறது, தும்பிக்கையைத் தூக்கி நீரைப் பீய்ச்சுகிறது. நடக்க மட்டும் முடியாது. சக்கரம் பொருத்திய மேடையில் நின்றபடி, பிறர் தள்ளினால் நகரும்.

செய்தியைப் படித்தபோது என் மனம் அருப்புக்கோட்டைக்குச் செல்லவில்லை. மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் சென்றது. ராஜபாளையத்தில் வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு ஆடிப்பூரம் என்றால் தேர், பால்கோவா, யானை என்ற மூன்றும் சேர்ந்ததுதான். பன்னிரண்டு கிலோமீட்டர் பேருந்தில் நின்றுகொண்டே சென்று, பத்துப் பைசாவை உள்ளங்கையில் வியர்க்க வியர்க்கப் பிடித்திருந்து, அதைத் தும்பிக்கையின் நுனியில் வைப்போம். நாணயம் பின்னால் நிற்கும் பாகனின் கைக்குப் போகும். தும்பிக்கை நம் தலைக்கு வரும். வெப்பமான அந்த மூச்சுக் காற்று உச்சந்தலையில் படும்போது உண்டாகும் அச்சமும் மகிழ்ச்சியும் கலந்த உணர்வை, பொருளாதாரம் கற்பித்த நாற்பது ஆண்டுகளில் எந்தப் பயன்பாட்டுக் கோட்பாட்டுக்குள்ளும் என்னால் அடக்க முடிந்ததில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஏனெனில் இயந்திர யானைகளை வரவேற்றே இக்கட்டுரையை எழுதுகிறேன். அந்த வரவேற்பில் எனக்குள்ள தயக்கங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஆண்டாள் கோயிலின் யானை ஜெயமால்யதா அசாமிலிருந்து வந்தது. அங்கே அதன் பெயர் ஜெய்மாலா. 2021 பிப்ரவரியில், மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நடந்த கோயில் யானைகள் புத்துணர்வு முகாமில் அந்த யானை மரத்தில் கட்டப்பட்ட நிலையில் அடிக்கப்படும் காணொலி நாடெங்கும் பரவியது. பாகன் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதானார். 2022-இல் அந்த யானையைத் திருப்பி அனுப்ப வேண்டும் என அசாம் அரசு கோரியது. குழு ஒன்றையும் இங்கே அனுப்பியது. குத்தகைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்பது அசாம் தரப்பின் வாதம். யானை நலமாகப் பராமரிக்கப்படுகிறது என்பது தமிழ்நாடு அரசின் பதில். இரண்டு மாநில அரசுகள் ஓர் உயிருக்காக வழக்காடியதைப் பார்த்தபோது, ‘குத்தகை’ என்ற சொல்லே எனக்கு உறுத்தியது. நிலத்துக்கும் குளத்துக்கும் கனிமத்துக்கும் உரிய சொல் அது. குத்தகைக்கு விடப்பட்ட பொருள் தன் பழைய இடத்தை நினைத்துப் பார்ப்பதில்லை என்பது அச்சொல்லின் உள்ளார்ந்த அனுமானம். யானையின் நினைவாற்றலைப் பற்றிச் சற்றேனும் அறிந்தவர்கள் அந்த அனுமானத்தை ஏற்க மாட்டார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு இந்த வகையில் இன்னொரு பங்கும் உண்டு. தனியார் வளர்ப்பில் இருந்த லலிதா என்ற முதிய பெண் யானையின் வழக்கு இங்கிருந்துதான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குச் சென்றது. 2020-இல் அதனை வளர்த்தவரிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று கருணையோடு அனுமதித்த அதே நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், 2023-இல் அந்த யானை உடல் நலிந்து விழுந்த பின், வேறொரு முடிவுக்கு வந்தார். கோயில்களோ தனியாரோ இனிப் புதிதாக யானைகளைப் பெறக்கூடாது என்பதை உறுதிசெய்யுமாறு அரசுக்கு உத்தரவிட்டார். தன் முந்தைய நம்பிக்கையை நிகழ்வுகளின் வெளிச்சத்தில் மறுபரிசீலனை செய்வது எந்தத் துறையிலும் அரிது; பொருளாதார அறிஞர்களிடம் இன்னும் அரிது.

அதே 2023 பிப்ரவரியில்தான் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயிலில் ‘ராமன்’ என்ற இயந்திர யானை நடைதிறப்புக் கண்டது. நடிகை பார்வதி திருவோத்துவின் ஆதரவுடன் பீட்டா அமைப்பு வழங்கியது. செலவு சுமார் ஐந்து லட்சம் ரூபாய் என அப்போது செய்தி வந்தது. பூரங்களும் யானை அணிவகுப்புகளும் பெருமையாகக் கருதப்படும் திருச்சூரிலேயே இது தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் பின் கேரளம், கர்நாடகம், நம் நீலகிரி என ஒவ்வொன்றாக வந்து, இப்போது அருப்புக்கோட்டை வரை வந்திருக்கிறது.

ஐந்து லட்சம் என்ற எண்ணைக் கண்டதும் என் போன்றவர்களுக்குக் கை தானாகக் கணக்குப் போடும். வளர்ந்த யானை ஒன்று நாளொன்றுக்கு 150 கிலோவுக்கும் மேல் தீவனம் உண்ணும். பாகன், உதவியாளர் ஊதியம், மருத்துவம், கொட்டில் அனைத்தையும் சேர்த்து நாளுக்கு 2,000 ரூபாய் என்று மிகத் தாழ்வாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7,30,000 ரூபாய். ஓராண்டுப் பராமரிப்புச் செலவுக்கும் குறைவான தொகையில் ஓர் இயந்திர யானை வந்துவிடுகிறது. வகுப்பறையில் என்றால் இந்த இடத்தில் மணி அடித்துவிடும். மாணவர்களும் விடை கண்ட நிறைவோடு கலைவார்கள்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு முக்கியமான பகுதியை விட்டுவிடுகிறது. ஒரு பொருள் மற்றொன்றுக்குப் பதிலீடு என்று சொல்வதற்கு முன், முதலாவது பொருள் என்ன பணியைச் செய்தது என்று கேட்க வேண்டும். கோயில் யானை மூன்று பணிகளைச் செய்தது. திருவிழாவில் சுவாமிக்கு முன் சென்றது. கோயிலின், ஊரின் மதிப்பை உயர்த்திக் காட்டியது. சிற்றூர்க் கோயில் ஒன்று யானை வைத்திருந்தால் அது பெருங்கோயிலாகிவிடும். மூன்றாவதாக, பக்தரின் தலையைத் தொட்டது. முதல் பணியை இயந்திரம் நன்றாகவே செய்யும். வெடிச்சத்தத்துக்கும் செண்டை மேளத்துக்கும் அது மிரளாது. 2024 நவம்பரில் திருச்செந்தூர்க் கோயில் யானை தெய்வானை, தன் பாகனையும் அவருடைய உறவினரையும் தாக்கி இருவரும் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டோம். அந்த இழப்பை எந்தப் பராமரிப்புச் செலவுப் பட்டியலிலும் நான் கண்டதில்லை. இரண்டாவது பணியை இயந்திரம் சில ஆண்டுகள் செய்யும். புதுமை தேய்ந்ததும் கைவிடும். மூன்றாவதை அதனால் செய்ய முடியாது. மோட்டார் தூக்கிய தும்பிக்கை தலையில் பட்டால் அது ஆசீர்வாதம் ஆகாது, இடித்துக்கொண்டது ஆகும்.

இதைக் குறையாக நான் சொல்லவில்லை. அந்த மூன்றாவது பணிக்காகத்தான் உயிருள்ள யானை ஆண்டு முழுவதும் கருங்கல் தரையில் நிற்க வேண்டியிருந்தது. திருவிழா ஆண்டுக்குச் சில நாள்கள், ஆசீர்வாதம் அன்றாடம். நாள்தோறும் கிடைக்கும் அந்தச் சில்லறைதான் பல பாகன்களின் வருமானத்தின் கணிசமான பகுதி. கூட்டமில்லாத பொழுதில் யானையைக் குளத்துக்கோ மரநிழலுக்கோ அழைத்துச் சென்றால் வருமானம் போகும். யானையின் ஓய்வுக்கும் பாகனின் வயிற்றுக்கும் இடையே இப்படி ஒரு முரண்பாட்டை நாமே கட்டி வைத்துவிட்டு, காணொலி வெளியானதும் பாகனை மட்டும் குற்றவாளியாக்கினோம். அடித்தது குற்றமே. அந்தக் குற்றம் விளைந்த ஊதிய அமைப்பை நாம் விசாரிக்கவில்லை.

புத்துணர்வு முகாம்கள் இதற்கு ஒரு பகுதி விடையாகத்தான் வந்தன. 2003-இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா முதுமலையில் தொடங்கிய திட்டம் அது. ஆண்டில் நாற்பத்தெட்டு நாள்கள் யானைக்கு விடுமுறை என்பது அதன் சாரம். பன்னிரண்டு மாதமும் விடுப்புடன் ஓய்வூதியம் பெறும் என்னைப் போன்றவன், இதைவிட யானைக்கு என்ன வேண்டும் என்று கேட்பது அழகல்ல.

இனி இயந்திரங்களைப் பற்றி. நம் கோயில்களுக்கு வரும் இயந்திர யானைக்கும் உலகின் ஆய்வுக்கூடங்களில் உருவாகும் ‘யானை ரோபோ’க்களுக்கும் இடையே ஒரு வேடிக்கையான வேறுபாடு உண்டு. நம்முடையது யானையின் தோற்றத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது; உள்ளே இருப்பது கிரைண்டருக்கும் மின்விசிறிக்கும் உறவான மோட்டார். அவர்களுடையது யானையைப் போலத் தோன்றுவதே இல்லை. ஆனால் தும்பிக்கையின் உள்ளமைப்பைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

தும்பிக்கையில் ஓர் எலும்பு கூட இல்லை. பல்லாயிரக்கணக்கான தசைக்கற்றைகளால் மட்டுமே ஆனது. நம் நாக்கைப் போல, அதன் கன அளவு மாறாது. ஓரிடத்தில் ஒடுங்கினால் மற்றோரிடத்தில் நீளும். மரக்கட்டையைத் தூக்கும் அதே உறுப்பு நிலக்கடலையையும் எடுக்கும். 2021-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள், யானை தும்பிக்கையால் உணவை உறிஞ்சும்போது காற்றின் வேகம் நொடிக்கு 150 மீட்டரைத் தாண்டுகிறது என்று கணித்தார்கள். அதே ஆண்டில் ஜெனீவா பல்கலைக்கழகக் குழு, திரைப்படங்களில் நடிகர்களின் அசைவைப் பதிவு செய்யும் அதே முறையில் தும்பிக்கையின் அசைவுகளைப் பதிவு செய்து, எண்ணற்றவையாகத் தோன்றும் அவை உண்மையில் சில அடிப்படை அசைவுகளின் சேர்க்கைகளே என்று காட்டியது. தேவைப்படும்போது தும்பிக்கை தன் ஒரு பகுதியை விறைப்பாக்கிக்கொண்டு, இல்லாத முழங்கையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. முடிவற்ற சுதந்திரம் உள்ள உறுப்பைச் சில பழக்கங்களுக்குள் கட்டுப்படுத்தி எளிதாக ஆள்கிறது யானை. பொறியாளர்கள் பொறாமைப்படுவது இதைப் பார்த்துத்தான்.

ஜெர்மனியின் ஃபெஸ்டோ நிறுவனமும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய தும்பிக்கைக் கரம் 2010-இல் அந்நாட்டின் எதிர்காலத்துக்கான பரிசைப் பெற்றது. காற்றை நிரப்பினால் விரியும் துருத்திகளால் ஆன அந்தக் கரம், ஆப்பிளை நசுக்காமல் எடுக்கும். பக்கத்தில் நிற்கும் தொழிலாளி மீது பட்டாலும் வளைந்துகொடுக்கும், எலும்பை முறிக்காது. அதை இயக்கச் சமன்பாடுகள் எழுதுவது மிகக் கடினம் என்பதால், பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தினர் கைக்குழந்தை கையை நீட்டி நீட்டிப் பழகுவதைப் போல அக்கரத்தைப் பழக விட்டார்கள். யானைக் கன்றும் அப்படித்தான். பிறந்து பல மாதங்கள் தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தானே மிதித்துத் தடுமாறும். 2025-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், ஒரே வகை நுரைப் பொருளை வலைக்கூடு போல அச்சிட்டு, கூட்டின் வடிவத்தை மாற்றுவதன் மூலமாகவே ஓரிடத்தில் எலும்பு போன்ற உறுதியையும் மற்றோரிடத்தில் தும்பிக்கை போன்ற மென்மையையும் உண்டாக்கி, சிறிய யானை ரோபோ ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

இதில் ராஜபாளையத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது என்றே நினைக்கிறேன். மென்மையான ரோபோக்களில் பழையவற்றுள் ஒன்று, 1950-களில் ஜோசப் மெக்கிப்பன் என்ற அமெரிக்க இயற்பியலாளரின் பெயரால் வழங்கும் செயற்கைத் தசை. போலியோவால் பாதிக்கப்பட்ட தன் மகளுக்காக அவர் அதை மேற்கொண்டார். ரப்பர்க் குழாய் ஒன்று. அதன் மேல் நூலால் பின்னிய உறை ஒன்று. அவ்வளவுதான். காற்றைச் செலுத்தினால் குழாய் பருக்கும், உறை குறுகும், தசையைப் போலச் சுருங்கி இழுக்கும். எவ்வளவு சுருங்கும் என்பதை நிர்ணயிப்பது பின்னலின் இழைகள் அமைந்த கோணம். அது சுமார் 54.7 பாகையை எட்டியதும் சுருக்கம் நின்றுவிடும். நூற்பாலைகளும், சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணித் தறிகளும், எந்த மோட்டாரையும் பிரித்துச் சுற்றித் தரும் பட்டறைகளும் உள்ள ஊர் எங்களுடையது. இழையின் இழுவிசையும் நெசவின் நெகிழ்வும் எங்கள் தொழிலாளர்களுக்குக் கைவந்த அறிவு. விலை சரிந்த கட்டுத்துணியை மட்டும் நெய்துகொண்டிருக்க வேண்டும் என்று அந்தத் தறிகளுக்கு விதி ஏதும் இல்லை. பக்கவாதத்தால் செயலிழந்த கைக்கு அணிவிக்கும் செயற்கைத் தசை உறையை ஏதாவது ஒரு பொறியியல் கல்லூரியும் ஒரு தறிக்கூடமும் சேர்ந்து செய்து பார்க்கலாம். மாவட்டத் தொழில் வளர்ச்சி பற்றிய கூட்டங்களில் இந்த யோசனையைச் சொல்லி, பணிவான புன்னகைகளைப் பெற்றவன் என்ற முறையில் இங்கும் பதிவு செய்கிறேன்.

மீண்டும் மேற்கே மலையைப் பார்ப்போம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு அதற்கு முன்பே யானைகள் காப்பகம். ஆண்டாள் கோயில் யானை சங்கிலியில் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் தொலைவில், அதன் இனத்தவை சுதந்திரமாகத் திரிகின்றன. தமிழ்நாட்டில் காட்டு யானைகளின் எண்ணிக்கை 2024-இல் 3,063 எனவும் 2025-இல் 3,170 எனவும் கணக்கெடுப்புகள் காட்டின. மகிழ்ச்சியான செய்தி, ஆனால் ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் அடிவாரத் தென்னந்தோப்பு உரிமையாளர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். குருத்துக்காக யானை சாய்க்கும் ஒவ்வொரு தென்னம்பிள்ளையும் ஐந்தாறு ஆண்டு உழைப்பு. ஊருக்குள் யானையைக் கும்பிட்டுவிட்டு, இரவில் தோப்பில் வெடி போட்டு அதை விரட்டும் அதே மனிதரை நான் அறிவேன். அவரிடம் முரண்பாடு இருப்பதாக நான் கருதவில்லை. கோயிலில் நிற்கும் யானையின் செலவை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. காட்டு யானையின் செலவை அவர் தனியாகச் சுமக்கிறார்.

இங்கேதான் மூன்றாவது வகை இயந்திரம் வருகிறது. கோவை மதுக்கரை அருகே ரயில் தடத்தில் யானைகள் அடிபட்டு இறந்துகொண்டிருந்தன. 2024 பிப்ரவரியில் அங்கு 7.24 கோடி ரூபாய்ச் செலவில் 12 கோபுரங்களில் வெப்பத்தை உணரும் கேமராக்கள் நிறுவப்பட்டன. யானை தடத்தை நெருங்கினால் செயற்கை நுண்ணறிவு அதை அடையாளம் கண்டு வனத்துறைக்கும் ரயில்வேக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. வண்டியின் வேகம் குறைக்கப்படுகிறது. தும்பிக்கையும் இல்லை, காதும் இல்லை. மாலை போட்டு வரவேற்க எவரும் வருவதில்லை. யானைக்காக நாம் செய்த இயந்திரங்களில் யானைக்கு உண்மையிலேயே உதவியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். சேத்தூர் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலான அடிவாரத்துக்கு இத்தகைய எச்சரிக்கை அமைப்பும், பயிர் இழப்புக்கு அலைக்கழிக்காத இழப்பீடும் வேண்டும். கொடையாளர்கள் கோயிலுக்கு ஓர் இயந்திர யானை கொடுக்கும்போது, அதே தொகையில் ஒரு பகுதியைக் காட்டோரத் தோப்பு ஒன்றுக்கும் ஒதுக்கலாம். ஆனால் அங்கே கல்வெட்டு வைக்க இடம் இருக்காது.

கோயில்களைப் பொறுத்தவரை சட்டம் இருபுறமும் இழுக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், உரிமைச் சான்று பெற்ற யானையைச் சமயக் காரணங்களுக்காகவோ வேறு காரணங்களுக்காகவோ மாற்றித்தர வழி விட்டிருக்கிறது. 2024-இல் அதற்கான விதிகளும் வந்துவிட்டன. மதுரையில் அடைத்த கதவை டெல்லி பாதி திறந்து வைத்திருக்கிறது. பாதி திறந்த கதவு வழியாக வருவது எப்போதும் வடகிழக்கின் யானைதான். இங்கே விலை கொடுக்க ஆள் இருக்கும் வரை, அங்கே குட்டியைப் பிடிக்கவும் ஆள் இருக்கும். இயந்திர யானையின் பயன் என் பார்வையில் இந்தத் தேவையைக் குறைப்பதில்தான் இருக்கிறது. ‘எங்கள் கோயிலிலும் யானை வேண்டும்’ என்ற ஊர்ப் பெருமைக்கு அது ஒரு வடிகால். ஏற்கெனவே யானை இல்லாத கோயிலுக்கு அதைக் கொடுப்பதால் எந்த யானைக்கு விடுதலை என்று கேலி செய்பவர்கள் உண்டு. வராமல் போகும் யானையைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் அந்தக் கேலியின் பிழை.

இப்போது கோயில்களில் இருப்பவற்றை அத்தனையும் ஒரே நாளில் காட்டில் விட முடியாது. வாழ்நாளெல்லாம் மனிதர் கையால் உண்ட யானை காட்டில் பிழைக்காது. திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் உள்ளது போன்ற மறுவாழ்வு மையங்கள் இன்னும் பல வேண்டும். அவற்றை நடத்த அனுபவமுள்ள ஆள்கள் வேண்டும். அவர்கள் வேறெங்கும் இல்லை, கோயில் வாசல்களில்தான் நிற்கிறார்கள். யானையின் காதசைவைக் கண்டு அதன் மனநிலையைச் சொல்லக்கூடிய பாகனை, நிலையான ஊதியமும் காப்பீடும் ஓய்வூதியமும் உள்ள அரசுப் பணியாளராக அந்த மையங்களுக்கு மாற்றினால், யானையோடு சேர்ந்து அவரும் சில்லறையிலிருந்து விடுபடுவார். அறநிலையத்துறையின் வரவுசெலவில் இது பெரிய தொகை அல்ல.

சென்ற ஆடியில் பேரனை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துச் சென்றேன். லோசான் ரோபோவின் காணொலியை எனக்குக் காட்டியவன் அவன்தான். தேரைப் பார்த்தான், பால்கோவா சாப்பிட்டான். யானையிடம் போகலாமா என்று நானே கேட்டேன். போனோம். பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவன் அதை யானையிடம் நீட்டாமல், நேராகப் பாகனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.